யாரும் பார்க்காத இலை

இல்லை தம்பி, அவளுக்கு உன்மேல் கோபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோசையைத் தள்ளி வைத்தாள். தண்ணீர் குடித்தாள். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். இவ்வளவுதான் நீ சொன்னது. கோபம் வந்த பிள்ளையின் தட்டு அப்படி மேசைமேலேயே இருக்காது. பறந்த தட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எறிந்தவன் நீ.

நீ போனில் கேட்டது ஒன்று, கேட்காமல் விட்டது ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரிமளத்தில் அத்தை வீட்டு விருந்து. அதற்குள் யாழினியை நாலு வகை சாப்பிட வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டாய். உனக்குக் கல்யாணம் ஆகி இத்தனை மாதம் ஆகியும் அந்த ஆறு வயதுப் பிள்ளை உன்னை ஏன் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று நீ கேட்கவில்லை. மாமா இல்லை, அங்கிள் இல்லை, அப்பா இல்லை. உன் சட்டை நுனியை இழுக்கிறாள். அல்லது அவள் அம்மா சுகன்யாவிடம் சொல்லி உன்னிடம் சொல்லச் சொல்கிறாள். நீ சொல்லும்போது குரல் இறங்கியது. என் பக்கத்தில் உன் அப்பா ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இவன் பண்ணுனது இவனுக்கே திரும்புது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பதிலும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்டாஃப் ரூமில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. அவர்களும் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. மற்றவர்கள் பெயரை மாற்றிவிட்டேன். கோபப்படாதே.

முதலில் அந்த தோசை. அவள் சாப்பிடுகிறவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று உனக்குத் தெரியும். தாளிக்காத தயிர்சாதம், சீனி தொட்டு இட்லி, முறுகாத தோசை, உருளைக்கிழங்கு வறுவல், தோல் சீவிய ஆப்பிள். பிஸ்கட்டில் ஒரே ஒரு வகை, அதுவும் உடையாததாக இருக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? கேரட்டைத் துருவி, மிக்ஸியில் அடித்து, மாவில் கலந்து, நிறம் தெரியக்கூடாது என்று மேலே இன்னொரு கரண்டி வெள்ளை மாவு ஊற்றிச் சுட்டாய். இரண்டாவது வாயிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து எந்த தோசையையும் தொடுவதில்லை. ஒன்றைக் கூட்டப் போய் இருந்ததில் ஒன்று போயிற்று. இதில் அவள் பிடிவாதம் என்று எதைச் சொல்வாய்? நேற்றுவரை தோசை என்றால் தோசை. இன்றைக்கு தோசைக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாத ஒன்றை இருட்டில் யாராவது கையில் திணித்தால் நானும் கையை உதறத்தான் செய்வேன்.

நான் உனக்கு முட்டையின் மஞ்சள் கருவைப் பருப்புச்சாதத்தில் பிசைந்து வைத்தேன். இரண்டும் மஞ்சள்தானே, தெரியாது என்று நினைத்தேன். உனக்கு அப்போது நான்கு வயது. உருண்டையை வாயில் வாங்கினாய். மென்றாய். நிறுத்தினாய். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ காலத்துக்கு நம் வீட்டில் பருப்புச்சாதம் கிடையாது. ரசச்சாதத்தைக்கூட விரலால் கிளறி அடிவரை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாய். உன் அப்பா, "ரெண்டு போடு போட்டா தின்னுவான்" என்பார். ஒருமுறை போட்டும் பார்த்தார். நீ அழுதுகொண்டே விழுங்கினாய். பிறகு எல்லாவற்றையும் அவர் மடியிலேயே வாந்தி எடுத்தாய். அவர் அதோடு போடுவதை விட்டார். உன் அரிமளத்து அத்தைக்கு என்மேல் ஒரு வசனம் இருந்தது. "ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் செடி கொடி பாடம் எடுக்குறா. சொந்தப் புள்ளைக்கு ஒரு கீரை ஊட்டத் துப்பில்லை." எங்கே போனாலும் எனக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும்.

அத்தை வீட்டில் நடந்த காதுகுத்து உனக்கு ஞாபகம் இருக்காது. அவர் மகளுக்குக் காது குத்தி, மதியம் கறிவிருந்து. நீ என் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாய். நம் பக்கத்து விருந்து எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரிமாறுகிறவர் இலைக்கு எதிரே நின்றுவிடுவார். போதும் என்று சொன்னால் அது இன்னொரு கரண்டிக்கான அழைப்பு. கையை விரித்து மறைத்தால் கைமேலேயே ஊற்றுவார்கள். மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். அத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டு உனக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு கறித்துண்டைச் சோற்றில் புதைத்து உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மருமவனே, ஒரு வாய் வாங்கிக்க. ஆம்பளப் புள்ள. எலும்பக் கடிக்க வேணாமா?"

நீ உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாய். எதிர்வரிசையில் இருந்த யாரோ, "டீச்சர் வீட்டுப் புள்ள. புக்கத்தான் திங்கும்" என்றார்கள். வரிசையே சிரித்தது. உன் கண் நிறைந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாய். இன்னும் ஒரு நொடி போனால் எல்லார் இலைக்கும் நடுவில் வாந்தி. என் வாயில் அப்போது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"கருப்பருக்கு வேண்டியிருக்கேன் மதினி. ஏழு வயசு வரைக்கும் இவனுக்குக் கறி குடுக்குறதில்லைன்னு."

அத்தையின் கை கரண்ட் பட்டது மாதிரிப் பின்னால் போயிற்று. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? சாமி குத்தமாயிருக்குமே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உன் இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார்கள். அதில் வெறும் சோறும் மோரும். நீ நிம்மதியாகச் சாப்பிட்டாய். நான் அவ்வளவு நிம்மதியாக ஒரு பொய்யைச் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் சொந்தத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் உன்னை யாரும் வற்புறுத்தவில்லை. "வேண்டுதல் புள்ள" என்று தனியாக உட்காரவைத்தார்கள். உன் தயிர்சாதத்துக்கு ஒரு மரியாதை வந்தது.

பொய் சும்மா இருக்குமா. உனக்கு ஏழு வயது முடிந்த மாதம் அத்தை வந்து நின்றார். "கெடா வாங்கிக் கட்டியாச்சு. வார ஞாயித்துக்கெழம வேண்டுதல முடிச்சிரலாம். மொத வாய் மருமவன்தான் திங்கணும்." உன் அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கும் அதுவரை அது வேண்டுதல்தான். நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். பொய் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கருப்பர் பெயரில் சொன்னதை யார் திருப்பி எடுப்பது? படித்தவள், பாடம் எடுக்கிறவள், எனக்கே பயம்.

குன்றாண்டார்கோவிலுக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறது நம் குலசாமி. ஒரு வேப்பமரம், சில அரிவாள்கள், கூரை இல்லை. சொந்தமெல்லாம் வந்திருந்தது. கிடாயை வெட்டி, சமைத்து, கருப்பருக்கு ஒரு பெரிய இலையில் படையல் போட்டார்கள். பக்கத்தில் உனக்கு ஓர் இலை. சுற்றி நின்றவர்களெல்லாம் உன்னைத்தான் பார்த்தார்கள். உனக்குப் புதுச் சட்டை. முகம் வெளுத்திருந்தது. என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாய். சாமி சாப்பிடும்போது நாம் பார்க்கக் கூடாதல்லவா. அதற்காக உன் மாமாவும் இன்னொருவரும் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்க வந்தார்கள். அத்தை உன் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாமாவிடம் சொன்னார்.

"நேர்த்திக்காரப் புள்ள சாமிகூட உள்ள இருக்கட்டும். வேட்டிய இங்கிட்டுப் புடிங்க."

"அப்படி வழக்கம் இல்லையே."

"இப்ப வழக்கம். புடிங்க. யாரும் எட்டிப் பாக்காதீங்க, கண்ணு போயிரும்."

திரைக்கு அந்தப் பக்கம் கருப்பரும் நீயும் ரெண்டு இலையும். இந்தப் பக்கம் நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு. வெயில் எதிரே இருந்தது. பழைய வேட்டி. உன் நிழல் அதில் விழுந்தது. நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நிழல் அசையாமல் இருந்தது. பிறகு குனிந்தது. ஏதோ ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோயிற்று. வைத்தது. இன்னொன்றை எடுத்தது. கை வாய்க்குப் போகிற மாதிரி இருந்தது. அப்போது நான் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. அதற்கு மேல் அது என்னுடையது இல்லை என்று பட்டது.

வேட்டியை இறக்கினார்கள். உன் இலையில் கறித்துண்டுகள் ஓரமாக வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றும் தொட்டுக் கடித்ததாக இல்லை. குழம்பில் கிடந்த ஓர் உருளைக்கிழங்கு மட்டும் பாதியாக இருந்தது. பல் பதிந்திருந்தது. விரல் நுனி சிவப்பு. அதுவரை குழம்பு என்ற ஒன்றே உன் உதட்டைத் தாண்டியதில்லை. அத்தை இலையைச் சட்டென்று மடித்துவிட்டு, "கருப்பர் ஏத்துக்கிட்டாரு. எல்லாரும் உக்காருங்க" என்றார். கூட்டம் பசியோடு இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கை கழுவும் இடத்தில் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். செம்பிலிருந்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றியபடி மெதுவாகச் சொன்னார். "நல்ல வேண்டுதல்டியம்மா. கருப்பருக்கே தெரியாத வேண்டுதல்."

அந்த அரை உருளைக்கிழங்கைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அதுவரை நான் கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன், காக்கா கதை சொல்லியிருக்கிறேன், செல்லம் கொஞ்சியிருக்கிறேன். எல்லாவற்றிலும் என் கண் உன் வாய்மேல் இருந்தது. ஒரு வாய் சாப்பிடுவது என்பது உனக்கு ஒரு கூட்டத்துக்கு முன்னால் மேடையேறுவது. வீட்டில் அமாவாசைக்குப் படையல் போடும்போது நாம் என்ன செய்கிறோம். இலை நிறைய வைக்கிறோம். கும்பிடுகிறோம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்கிறோம். எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாரும் அளப்பதில்லை. வடையைத் தொடவில்லையே என்று செத்துப்போனவர்களிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வைக்கிறது நம் வேலை. எடுப்பது அவர்கள் பாடு. சாமிக்கும் செத்தவர்களுக்கும் கொடுக்கிற இந்த மரியாதையை உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நாம் கொடுப்பதில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மெதுவாக மாறியது. பின்னாலும் போயிற்று. தட்டில் உனக்குப் பழகிய ஒன்று எப்போதும் இருக்கும். பக்கத்தில் புதிதாக ஒன்று, பட்டாணி அளவு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உன் அப்பா வேண்டுமென்றே செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அவருக்கு அதுதான் திரை. துப்ப ஒரு கிண்ணம் வைத்தேன். துப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் நீ வாயில் வைத்தே பார்த்தாய். நாலு நாள் முகர்ந்துவிட்டுத் திருப்பி வைப்பாய். ஐந்தாவது நாள் நக்குவாய். பிறகு ஒரு மாதம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாய். ஒருநாள் வெண்டைக்காயை நீயாக எடுத்துச் சாப்பிட்டாய். நான் பாவி, மகிழ்ச்சி தாங்காமல், "தின்னுட்டான் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். செய்தித்தாள் இறங்கியது. நீ கையை எடுத்தாய். வெண்டைக்காய் திரும்பி வர அடுத்த மழைக்காலம் ஆயிற்று. பாராட்டும் ஒரு வகையில் உற்றுப் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது. கத்தரிக்காய் இன்றுவரை வரவில்லை. வராவிட்டால் என்ன. நீ உயரமாகத்தான் இருக்கிறாய்.

யாழினிக்கு வருகிறேன். பொங்கலுக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது நீயும் சுகன்யாவும் பெரிய கடைவீதிக்குப் போனீர்கள். உன் அப்பா தூங்கினார். நான் கூடத்தில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு அடி கிட்டே வந்தாள்.

"இது என்னது?"

"பனங்கெழங்கு."

"காரமா?"

"இல்ல."

"நாரா இருக்குமா?"

"இருக்கும். பல்லுல மாட்டும்."

அவள் யோசித்தாள். நான் இல்லை, நல்லா இருக்கும், இனிக்கும் என்று சொல்லியிருந்தால் அங்கேயே திரும்பிப் போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"நான் சாப்பிடணுமா?"

"வேணாம். உரிச்சுக் குடுத்தாப் போதும். எனக்கு வெரலு வலிக்குது."

உட்கார்ந்தாள். நான் ஒன்று உரிப்பதற்குள் அவள் நார் நாராக இழுத்து, நடுவில் இருக்கிற குருத்தைத் தனியாக எடுத்து, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினாள். இடையில் ஒருமுறை விரலை முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொருமுறை முகர்ந்தாள். "மண்ணு வாசம் வருது" என்றாள். "மண்ணுக்குள்ளதான் இருந்துச்சு" என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. நீங்கள் வந்தபோது அவள் கையைக் கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீ கிழங்கை எடுத்து, "யாழினி, ஒரு கடி கடிச்சுப் பாரேன், அங்கிளுக்காக" என்றாய். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். உனக்காக ஏன் அவள் கடிக்க வேண்டும், தம்பி? அது அவள் வாய்.

அன்று மாலை பாத்திரம் துலக்கும்போது சுகன்யா ஒன்று சொன்னாள். உன்னிடமும் சொல்லியிருப்பாள், ஆனால் நீ அதை இதோடு சேர்த்துப் பார்த்தாயா என்று தெரியவில்லை. மூன்று வயது வரை யாழினி எல்லாம் சாப்பிடுவாளாம். மீன் முள்ளை எடுத்துக் கொடுத்தால் மீன்கூட. அவள் அப்பா தவறிப்போன பிறகு சுகன்யா வேலைக்கு ஓட, பிள்ளை சித்தி வீட்டில் கொஞ்ச நாள், மாமா வீட்டில் கொஞ்ச நாள். ஒவ்வொரு வீட்டிலும் வேறு சாம்பார், வேறு உப்பு, வேறு தட்டு. எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "பாவம், அப்பா இல்லாத புள்ள, நல்லாத் தின்னட்டும்." ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஊட்டினார்களாம். அழுதுகொண்டே ஊட்டியவர்களும் உண்டாம். ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் எந்த வீட்டிலும் மாறாமல் இருந்தது வெள்ளைத் தயிர்சாதம் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டாள். நீரில் போகிறவள் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நாம் கரையில் நின்று, அந்த வேர் உனக்குப் போதாது, விடு, இதைப் பிடி என்று கத்துகிறோம்.

டாக்டரிடம் காட்டியாயிற்று, எடை குறையவில்லை, விழுங்குவதில் சிக்கல் எதுவும் இல்லை என்று சுகன்யா சொன்னாள். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது திணறினாலோ, இருப்பதிலும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனாலோ தள்ளிப்போடாமல் மறுபடி காட்டுங்கள். அது வேறு விஷயம். அதை நான் சொல்கிற பொறுமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மற்றபடி, கேரட்டை முதலில் அவளிடம் சொல்லிவிடு. சுற்றி வளைக்காமல். "அன்னைக்கு தோசையில நான் கேரட் போட்டேன். ஒங்கிட்ட சொல்லல. இனிமே சொல்லாமப் போட மாட்டேன்." இவ்வளவுதான். அதற்கு அவள் எதுவும் சொல்லமாட்டாள். நீ எதையும் எதிர்பார்த்து நிற்காதே. மாவை அவள் பார்க்கிற மாதிரி சட்டியில் எடு. அவள் கையாலேயே ஒரு கரண்டி ஊற்றட்டும். சாப்பிடாவிட்டால் நீ சாப்பிடு. தோசை அதன் பழைய பெயரைத் திரும்பப் பெற நாளாகும். பிறகு, அவளுக்குப் பிடித்ததற்குப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கு. உருளைக்கிழங்கு வறுவலிலிருந்து சேப்பங்கிழங்கு வறுவலுக்கு நடந்தே போய்விடலாம். கத்தரிக்காய்க்கு பஸ் மாறிப் போக வேண்டும். நீயே இன்னும் போய்ச் சேரவில்லை. அதை அவளிடம் சொல். எனக்கும் கத்தரிக்காய் பிடிக்காது என்று பெரியவர் ஒருவர் சொல்லி அவள் கேட்டிருக்கவே மாட்டாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை கொடுங்கள். "இப்ப வேணாம்" என்பது நல்ல வார்த்தை. அதில் கதவு முழுக்கச் சாத்தவில்லை. அவள் அதைச் சொன்னால் அந்த வீட்டில் அது சட்டம். நீயும் கேட்க வேண்டும், சுகன்யாவும் கேட்க வேண்டும், நானும் கேட்க வேண்டும்.

இப்போது நீ கேட்காமல் விட்டது. அப்பா என்கிற சொல் அவள் வாயில் ஏற்கெனவே ஒருவருக்காக இருக்கிறது. அவர் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். சொல் இருக்கும். நீ தட்டில் ஒவ்வொரு வாயையும் ஓட்டு மாதிரி எண்ணுகிறாய். சாப்பிட்டால் உன்னை ஏற்றுக்கொண்டாள், தள்ளினால் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் முன்னால் அவ்வளவு பெரிய பரீட்சையை வைத்துவிட்டு ஒரு வாய் வாங்கிக்கொள் என்றால் எப்படி வாங்குவாள். வாயில் பாதி கேரட், பாதி நீ. இரண்டையும் பிரித்து வை. சாப்பாடு சாப்பாடாக இருக்கட்டும். நீ அவளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுகிறாய், ஸ்கூல் வேன் வரும்வரை நிற்கிறாய், ஃபேன் சத்தத்துக்கு அவள் பயந்தபோது ஃபேனையே மாற்றினாய். சுகன்யா எல்லாம் சொல்கிறாள். சட்டை நுனியை இழுக்கிறாள் என்று குறையாகச் சொன்னாய். யார் சட்டையை என்று யோசித்துப் பார். என்னிடம் வந்தபோது அவள் தூணைத்தான் பிடித்திருந்தாள்.

அரிமளம் விருந்து சாதாரணமானது இல்லை என்று எனக்கும் தெரியும். உன் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குக் கால் வலி என்று வராமல் இருந்தவர் அத்தை. அவர் கால் நன்றாக இருந்தது. ஏற்கெனவே பிள்ளை இருக்கிற பெண் என்பது அவருக்கு வலித்தது. இப்போது அவராகப் போன் செய்து மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மற்ற சொந்தமும் வரும். அந்தப் பிள்ளை நம் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை என்று ஒருத்தர் சொன்னால் போதும், சுகன்யாவின் முகம் வாடிவிடும், நீ யாழினியைக் கெஞ்சுவாய், அவள் அதற்குப் பிறகு உன்னோடு எங்கேயும் வரமாட்டாள். நீ பயப்படுவது இதற்குத்தான். பயம் சரி. ஆனால் ஒரு வாரத்தில் ஒரு பிள்ளையை மாற்ற முடியாது. ஒரு விருந்தை மாற்றலாம்.

இந்த முறை கருப்பரை நான் கூப்பிடவில்லை. மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன். யாழினி எதையெல்லாம் சாப்பிடுவாள், ஏன் மற்றதைச் சாப்பிடமாட்டாள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பந்தி வேண்டாம், நின்று பரிமாற வேண்டாம், எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிடலாம், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்றேன்.

"பரிமாறாம ஒரு விருந்தா? எந்த ஊருல?"

"நம்ம வீட்டுல மதினி."

"எலைக்கு முன்னாடி நின்னு கேக்காம, யாரு என்ன தின்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்."

அந்தப் பக்கம் கரண்டியைப் பாத்திரத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"அப்ப என் கரண்டிய நான் யாருகிட்டக் குடுக்குறது?"

"யாழினிகிட்டக் குடுங்க. அவ எல்லாருக்கும் வைப்பா. அவளுக்கு யாரும் வைக்க வேணாம்."

"கொதிக்கிற கொழம்ப சின்னப்புள்ள கையில குடுக்க முடியாது. பொரியலும் அப்பளமும் வைக்கட்டும்."

"போதும்."

"தயிர்சோறு செஞ்சு வைக்கிறேன். தாளிக்கக் கூடாதாமே."

"தாளிக்கக் கூடாது."

"கடுகுகூடவா?"

"கடுகுகூட."

"கஷ்டகாலம்" என்றார். போனை வைக்கப் போனவர் வைக்காமல், "அவ கை எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டார். என் உள்ளங்கையில் பாதி என்றேன். "அப்ப என் கரண்டிய அவளால தூக்க முடியாது" என்றார்.

போனை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கீழராஜ வீதிப் பாத்திரக்கடைக்குப் போனேன். பிடி குட்டையாக, கனமில்லாமல் ஒரு கரண்டி வாங்கி வந்தேன். கழுவித் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போகும் பையில் வைத்திருக்கிறேன்.